ராமுத்தாய் வரைந்த கப்பல்

1964-ஆம் வருடம் ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், காரைக்குடித் தச்சர் தெருவில் ராமுத்தாய் வீட்டுச் சுவரில் இருந்த கடல் நனைந்தது. அதன்மேல் நின்ற கப்பல் மேலும் கீழுமாக ஆடத் தொடங்கியது. முதலில் பார்த்தவள் அவளுடைய ஆறு வயது மகள் மீனாள். சுவரில் கையை வைத்தாள். உள்ளங்கை ஈரமாகவும் நீலமாகவும் திரும்பி வந்த பிறகுதான் அழுதாள்.

அந்தக் கடலையும் கப்பலையும் ராமுத்தாய் வரைந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவள் புருஷன் செம்மலை ஆசாரி ரங்கூனில் ஒரு மரக்கடையில் வேலை பார்த்தார். மீனாள் கைக்குழந்தையாக இருந்தபோது போனவர். அந்த வருடம் பர்மாவில் நம்மவர்களுக்கு வேலையும் இல்லை, இருக்க இடமும் இல்லை என்றானது. ஊர் திரும்பக் கப்பலில் இடம் கேட்டுப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதாக ஒரு கடிதம் எழுதினார். அதற்குப் பிறகு கடிதம் இல்லை. அப்பா எங்கே, எங்கே என்று மீனாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பதில் சொல்லி அலுத்த ராமுத்தாய், துணிக்குப் போடும் நீலப் பொடியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கரைத்து, நடுவீட்டு வடக்குச் சுவரில் கடலைத் தீட்டினாள். கிழக்கோரம் ரங்கூன், மேற்கோரம் நம் வீடு. கிழக்கே அடுப்புக்கரியால் ஒரு கப்பல். அதன்மேல் காவியால் ஒரு புள்ளி, புள்ளிக்குக் கீழே கையும் காலுமாக நாலு கோடு, காலடியில் கரியால் ஒரு பெட்டி. அதுதான் செம்மலை. கோலத்தைத் தவிர வேறு எதுவும் வரைந்து பழகாத கை. "கவுத்து வச்ச அடுப்பு மாதிரியில்ல இருக்கு" என்றார் புருஷனின் அண்ணன் கருத்தையா ஆசாரி. மீனாள் மட்டும் தினமும் அதன் முன்னால் நின்று, "அப்பா, பள்ளிக்கூடம் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சுவர் நனைந்த அன்று கருத்தையா கூரையில் ஏறி ஒவ்வொரு ஓடாக நகர்த்திப் பார்த்தார். ஒழுகல் இல்லை. மழை பெய்தே நாற்பது நாள் ஆகியிருந்தது. யாரிடமும் சொல்லவேண்டாம் என்று இறங்கி வந்து சொன்னார். அப்போதே வாசலில் பதினைந்து பேர் நின்றார்கள்.

அடுத்த வீட்டுப் புஷ்பவள்ளியின் புருஷனும் ரங்கூனில்தான் இருந்தார். அவள்தான் முதலில் வாய்விட்டுக் கேட்டாள். "அண்ணனுக்குப் பக்கத்துல எங்க வீட்டுக்காரரையும் ஒரு புள்ளி வச்சு விடு ராமுத்தாயி. பெட்டியோட போடு. வெறுங்கையோட வரக்கூடாது." ராமுத்தாய் போட்டாள். பத்தாம் நாள் புஷ்பவள்ளிக்குக் கடிதம் வந்தது. கப்பல் பட்டியலில் தன் பெயர் எப்படி ஏறியது என்றே தெரியவில்லை, செம்மலைக்கு அடுத்த பெயர் தன்னுடையது என்று அவர் எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகு நாட்டரசன்கோட்டையிலிருந்தும் நெற்குப்பையிலிருந்தும் ஆள் வந்தார்கள். எல்லோரும் பெட்டியோடு போடச் சொன்னார்கள். சிலர் பெட்டியைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னார்கள். புரட்டாசி பிறப்பதற்குள் கப்பலில் எட்டுப் பேர் நின்றார்கள்.

ஆள் ஏற ஏறக் கப்பல் தாழ்ந்தது. இதை ராமுத்தாய் மூன்றாவது ஆளிலேயே கண்டுகொண்டாள். ஒரு நூல் கனம், அப்புறம் இன்னொரு நூல். எட்டாவது ஆளுக்குப் பிறகு கப்பலின் விளிம்புக்கும் கடலுக்கும் நடுவே ஒரு அரிசி நீளம்தான் இருந்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீர் எடுக்கப் போனாலும் பாதியில் ஓடிவந்து சுவரைப் பார்த்துவிட்டுப் போனாள். யார் வந்து கேட்டாலும் இனி இல்லை என்று கருத்தையா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

அப்போதுதான் எதிர்வீட்டு அழகம்மாள் வந்தாள். சாக்கடை போகிற வழிக்காகச் சண்டை போட்டு, இரண்டு வீட்டுக்கும் ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. புருஷனை இழந்தவள். அவளுடைய ஒரே மகன் ஆசைத்தம்பி ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான்.

"இடம் இல்ல, போ ஆத்தா" என்றார் கருத்தையா.

அழகம்மாள் போகவில்லை. காலையிலிருந்து வெயிலில் நின்றாள். யாரையும் திட்டவில்லை, கும்பிடவும் இல்லை. பகல் சாய்ந்தபோது ராமுத்தாய் வெளியே வந்தாள். அழகம்மாள் முந்தானையை அவிழ்த்து ஒரு கரித்துண்டை நீட்டினாள்.

"எங்க வீட்டு அடுப்புக் கரிதான். ஒங்க கரி கொறைய வேணாம்."

"கரிக்கா பயப்படுறேன்? ஏத்துனா முங்கிப்போகும்க்கா. அதுல என் புருசன் இருக்காக."

"என் மகன் இல்லையே அதுல."

ராமுத்தாய் உள்ளே போனாள். "கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? என் தம்பியக் கொல்லப் போறியா?" என்று கருத்தையா கத்தினார். அவள் காவியைக் குழைத்தாள். காவிப் புள்ளி கோணலாக விழுந்தது. பழக்கத்தில் பெட்டியையும் போட்டுவிட்டாள். கடல் கப்பலின் விளிம்பைத் தொட்டு நின்றது. அன்று மாலையே கப்பல் ரங்கூனை விட்டு மேற்கே நகரத் தொடங்கியது.

நாளுக்கு அரைச் சாண் நகர்ந்தது. முதல் மூன்று நாளும் ஒன்றும் ஆகவில்லை. நான்காம் நாள் நடுப்பகலில் மீனாள், "அம்மா, அப்பா காலக் காணாம்" என்றாள். நீலம் விளிம்பைத் தாண்டி ஏறியிருந்தது. ஒன்பது பேரும் முழங்கால் வரை கடலுக்குள் நின்றார்கள். கருத்தையா தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் கேட்டுத் தெருவே உள்ளே வந்தது. ராமுத்தாய் ஒரு ஆளையாவது அழித்தாகவேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றியது. யாரும் அதைச் சொல்லவில்லை. எல்லோருடைய பார்வையும் கோணல் புள்ளிமேல் இருந்தது. அழகம்மாள் சுவருக்கு முதுகைக் கொடுத்து, அந்தப் புள்ளியை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"நகருக்கா. ஒம் மகனத் தொடமாட்டேன்" என்றாள் ராமுத்தாய்.

ஈரத்துணியை எடுத்து, தண்ணீருக்குள் விரலை விட்டுத் துழாவி, செம்மலையின் பெட்டியை முதலில் அழித்தாள். கப்பல் ஒரு நூல் எழும்பியது. அடுத்தது நெற்குப்பைக்காரருடையது. மூன்றாவதாகப் புஷ்பவள்ளி புருஷனின் பெட்டிக்குத் துணி போனபோது, புஷ்பவள்ளி பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள். "அடியே, ஆறு வருசப் பாடு அதுக்குள்ள இருக்கு." நீலம் அவள் புருஷனின் இடுப்புக்கு ஏறியது. புஷ்பவள்ளி பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் ஒவ்வொரு விரலாகக் கையை விட்டாள். ஒன்பது பெட்டியும் போன பிறகுதான் விளிம்பு வெளியே தெரிந்தது. ராமுத்தாயின் கை முழங்கை வரை விறைத்துப்போயிருந்தது. அதன் ஈரம் உலர இரண்டு நாள் ஆனது.

கப்பல் மேற்கோரத்தைத் தொட்ட நான்காம் நாள், மதராஸ் ரயிலில் ஒன்பது பேரும் வந்து இறங்கினார்கள். ஒருவர் கையிலும் ஒரு துணிப்பைகூட இல்லை. மீனாள் செம்மலையைப் பார்த்து, "நீங்க இம்புட்டு உயரமா?" என்று கேட்டுவிட்டுத் தாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

சாப்பிடும்போது செம்மலை சொன்னார். "நாலாம் நாளு. நல்ல வெயிலு, பொட்டுக் காத்தில்ல. கப்பல் மட்டும் தாந்துக்கிட்டே போச்சு. தண்ணி முழங்காலுக்கு வந்துருச்சு. அப்புறம் பெட்டியெல்லாம் தானா நகந்துச்சு. யாரும் தள்ளல. ஒண்ணொண்ணா விளிம்புக்குப் போயி விழுந்துச்சு. என் பெட்டிதான் முதல்ல. எங்கப்பா உளி எல்லாம் அதுலதான் இருந்துச்சு."

"நாந்தான் அழிச்சேன்" என்றாள் ராமுத்தாய்.

செம்மலை சுவரைப் பார்த்தார். காலடி வெறுமையாக ஒன்பது பேர் நின்றார்கள். சோற்றில் விரலால் குழி பறித்தார். பிறகு, "கொஞ்சம் ரசம் ஊத்து" என்றார்.

உளி வாங்க வழி வரும்வரை செம்மலை புதுவயல் ரைஸ்மில்லில் நெல் காயப்போடும் வேலைக்குப் போனார். புஷ்பவள்ளி இரண்டு வருடம் ராமுத்தாயோடு பேசவில்லை. அழகம்மாள் பேசினாள், சாக்கடை மட்டும் பழைய வழியிலேயே போனது. ராமுத்தாய் பிறகு எதையும் வரையவில்லை. வாசலில் மீனாள் கோலம் போட்டாலும், மயிலோ தேரோ வந்துவிட்டால் இவள் தண்ணீர் ஊற்றிக் கலைத்துவிடுவாள். மறு தைக்கு வெள்ளையடித்தபோது கப்பலும் ஆட்களும் சுண்ணாம்புக்குள் போனார்கள். கடல் போகவில்லை. 1974-இல் மீனாள் கல்யாணத்துக்காக, சுவரைப் புதுசாகப் பூசக் கொத்தனார் பெரியகருப்பனை அழைத்து வந்தார்கள். அவர் வடக்குச் சுவரை நகத்தால் சுரண்டி, நாக்கில் வைத்துப் பார்த்து, "இது செவுத்து ஓதம் இல்லத்தா, கடலு. இதுல பூச்சு நிக்காது" என்றார். மற்ற மூன்று சுவர்களையும் பூசி முடித்துவிட்டு, சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.