குளிர் சூப், ஒரு தரம்!

ஏலக்காரி பொய் சொல்ல மாட்டாள். விலையைக் கூட்டிச் சொல்வாள், குறைத்துச் சொல்வாள், அது தொழில். காய்கறி மார்க்கெட்டில் பெட்டி மேல் ஏறி நின்று அவள் "ஒரு தரம்!" என்று குரல் கொடுத்தால் அடுத்த தெருவில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். ஆனால் அழுகின தக்காளியை நல்ல தக்காளி என்று அவள் வாய் ஒரு நாளும் சொன்னதில்லை. அப்பேர்ப்பட்டவளைத்தான் அந்தக் குடும்பம் புளுகுமூட்டை என்று முத்திரை குத்தி வைத்திருந்தது. எல்லாம் ஒரு கிண்ணம் சூப்பால் வந்த வினை.

சில வருடங்களுக்கு முன்னால் மார்க்கெட் சங்கத்துக் குலுக்கலில் அவளுக்குக் கப்பல் சுற்றுலா விழுந்தது. கணவரோடு போனாள். கணவர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர், பரம சாது. கப்பல் நகர்ந்ததும் தலை சுற்றிப் படுத்தவர், திரும்பக் கரை வந்த பிறகுதான் எழுந்தார். அவர் அறையில் ரொட்டித் துண்டோடு கிடக்க, இவள் மட்டும் தினமும் ராத்திரி சாப்பாட்டு ஹாலுக்குத் தனியாகப் போனாள். அங்கேதான் அது வந்தது. ஸ்ட்ராபெர்ரி பழத்தில் ஒரு சூப். இளஞ்சிவப்பு நிறம், மேலே ஒரு சுழி க்ரீம், ஒரு புதினா இலை. கிண்ணத்துக்கே வியர்த்திருக்கும், அவ்வளவு ஜில். முதல் ஸ்பூன் உள்ளே போனதும் ஏலக்காரிக்குப் பேச்சு வரவில்லை. அவளுக்குப் பேச்சு வராமல் போனது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

வீடு திரும்பியதும் எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் நாத்தனாரும் ஒருவர். கணவருக்கு அக்கா, தணிக்கை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் ஆடிட்டர் அக்காதான், ஏலக்காரி ஒருத்திக்கு மட்டும் அண்ணி. டாக்டர் காய்ச்சல் என்றால்கூட "ஆதாரம்?" என்று கை நீட்டுகிற ஆள்.

"சூப்பா? ஜில்லுனா? பழத்துலயா?" என்றார் ஆடிட்டர் அக்கா. "ஆறிப்போன சூப்பை அவனுங்க உன் தலையில கட்டிட்டானுங்க. அதை நீ எங்க தலையில கட்டப் பாக்குறே."

"அண்ணி, சத்தியமா! சாப்பிட்டவ நானு!"

"போட்டோ இருக்கா?"

இல்லை. சாப்பாட்டைப் பார்த்தால் சாப்பிடுகிற ரகம் அவள், படம் எடுக்கிற ரகம் இல்லை. சாட்சிக்குக் கணவரைப் பார்த்தாள். அவரோ, "நான் பாக்கலையேம்மா" என்று நேர்மையாகக் கையை விரித்துவிட்டார். இந்த நேர்மையை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது! வீம்புக்கு வீட்டிலேயே ஒரு தடவை செய்தும் பார்த்தாள். ஆடிட்டர் அக்கா ஒரு ஸ்பூன் வாயில் வைத்துவிட்டு, "இருமல் மருந்து நல்லா வந்திருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யார் கயிறு திரித்தாலும் அதற்குப் பெயர் குளிர் சூப். பையன் பரீட்சை ஈசி என்றால், "குளிர் சூப்பா?" பக்கத்து வீட்டுக்காரர் சம்பளத்தைப் பற்றி அளந்தால், "சரியான குளிர் சூப்பு." ஏலக்காரியும் சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், ஒரு நாள் வரைக்கும்.

அந்த நாளைச் சொல்கிறேன். மார்க்கெட்டில் மொத்தக் கடை முதலாளி அவளைக் கூப்பிட்டு, "உன் குரலாலதான் என் கடை நிக்குது. இனிமே நீ கூலிக்கு வேணாம், பங்குதாரரா வா. வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லு" என்றார். அவள் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, மூச்சு வாங்க, எல்லாரிடமும் சொன்னாள். ஆடிட்டர் அக்கா தட்டிலிருந்து நிமிராமலே, "குளிர் சூப்பு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கணவரும் சிரித்தார். கொஞ்சம்தான், உதட்டோரம்தான், ஆனால் சிரித்தார்.

அவளுக்கு அது நெஞ்சில் போய்க் குத்தியது. அவமானமாக இருந்தது, ஆத்திரமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது. பெற்ற பிள்ளையிலிருந்து கட்டினவர் வரைக்கும் ஒருத்தர்கூடத் தன் பேச்சைப் பேச்சாக எடுத்துக்கொள்ளாத வீட்டில், எதைக் கலந்து பேசி என்ன பதில் சொல்வது? முதலாளியிடம் கொஞ்சம் தவணை கேட்டாள்.

இந்த நேரத்தில்தான் ஆடிட்டர் அக்காவின் கல்யாண நாள் வந்தது. அவர் மகள், குடும்பம் மொத்தத்துக்கும் கப்பலில் இடம் பிடித்தாள். எந்தக் கப்பல் என்று பார்த்தால், அதே கப்பல்! ஏலக்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. 'வாங்க அண்ணி வாங்க, கிண்ணத்தோட ஆதாரம் தரேன்' என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள். ஊருக்குத் திரும்பின மறுநாள் பதில் சொல்வதாக முதலாளியிடமும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

கப்பலில் ஏறினால் மனுஷனுக்கு நாக்கு மாறிவிடும் போலிருக்கிறது. ஆடிட்டர் அக்காவின் வீட்டுக்காரர், வீட்டில் சாப்பாட்டில் ஒரு முடி கிடந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுபவர், இங்கே பூண்டு வெண்ணெயில் மிதந்த நத்தையைக் குச்சியால் குத்தி எடுத்துச் சப்புக்கொட்டினார். வருடம் முழுக்க வெள்ளரிக்காயை மென்றுகொண்டிருக்கும் அவர் மகள், வெட்டினால் உள்ளிருந்து சாக்லேட் வழிகிற கேக்கில் இரண்டைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினாள். ஆடிட்டர் அக்காவே காலைப் பலகாரத்துக்கு ஐஸ்கிரீம் சாப்பிட்டார். கேட்டதற்கு, "கப்பல்ல சாப்பிடுறது கணக்குல வராது" என்றார். தணிக்கை பண்ணினவர் வாயில் இப்படி ஒரு தீர்ப்பு! கணவர்கூட மாத்திரை போட்டுக்கொண்டு இந்தத் தடவை தெம்பாக ஹாலுக்கு வந்துவிட்டார்.

எல்லாம் இருந்தது. சூப்தான் இல்லை.

முதல் ராத்திரி மெனு அட்டையை மேலிருந்து கீழ் வரை தேடினாள். பரிமாற வந்த பையனைக் கேட்டாள். அவன், "ஜில்லுனு சூப்பா மேடம்? கேள்விப்பட்டதே இல்லையே" என்றான். மேசையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. வழக்கம் போலச் சிரித்திருந்தாலாவது பரவாயில்லை. ஆடிட்டர் அக்கா அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "சரி விடும்மா, கனவுல கினவுல சாப்பிட்டிருப்பே" என்றார். பரிதாபம்! ஏலக்காரிக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது.

மறுநாள் காலையிலேயே ஹாலின் தலைமைப் பரிமாறுபவரைத் தேடிப் பிடித்தாள். நரைத்த மீசை, அந்தக் கப்பலிலேயே தேய்ந்தவர். அவள் "ஸ்ட்ராபெர்ரி" என்று ஆரம்பிப்பதற்குள் அவர் கண் விரிந்தது.

"அய்யோ, அந்த சூப்பா! அதை நிறுத்திட்டோம்மா."

"ஏன் அண்ணே?"

"எல்லாரும் திருப்பி அனுப்பினாங்க. ஆறிப்போச்சு, சூடு பண்ணிக் கொண்டு வான்னு. எங்க பெரிய சமையல்காரருக்கு மனசு விட்டுப்போச்சு. போன வருஷம் ஒருத்தர் சூடு பண்ணச் சொல்லி, கூடவே மிளகுத்தூளும் கேட்டாரு. அன்னைக்கோட சரி."

அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்து குடும்பத்தின் முன்னால் நிறுத்தினாள். அவரும் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். ஆடிட்டர் அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவர் போனதும் தம்பியிடம் திரும்பினார்.

"பாத்தியாடா? பாவம், அந்த மனுஷனைப் போய் செட் பண்ணிக் கூட்டிட்டு வந்திருக்கா."

ஏலக்காரி நேரே சமையலறைக் கதவுக்குப் போய் நின்றாள். பெரிய சமையல்காரர் வெளியே வந்தார், முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை. பழம் கையிருப்பில் இருக்கிறது, க்ரீம் இருக்கிறது, செய்யத்தான் மனசில்லை என்றார். அவள் விடவில்லை. கடைசியில் அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு மேசைக்குன்னு செய்யிற சமையலறை இல்லம்மா இது. ஹால்ல பாதிப் பேராவது வேணும்னு கேக்கட்டும், கடைசி ராத்திரி செய்யிறேன். ஆனா ஒரே ஒரு கிண்ணம் சூடு பண்ணச் சொல்லி இந்தக் கதவுக்குள்ள வந்துச்சுன்னா, மிச்சம் எல்லாத்தையும் அப்படியே தொட்டியில கொட்டிடுவேன்."

"சரி" என்றாள் ஏலக்காரி.

அன்று ராத்திரி ஹால் நிரம்பி வழிந்தது. கரண்டிச் சத்தமும் பேச்சுமாக ஒரே இரைச்சல். ஏலக்காரி எழுந்தாள், நாற்காலி மேல் ஏறினாள். கணவர் அவள் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்றார்.

"பாக்கட்டும்னுதான் ஏறுறேன்."

வாயைத் திறந்தாள். மார்க்கெட் குரல்! ஹாலில் அத்தனை கரண்டியும் நின்றன.

"அய்யா, அம்மா! உங்க வீட்டுல நத்தை சமைப்பீங்களா? கிடையாது. காலங்காத்தால ஐஸ்கிரீம் உண்டா? கிடையாது. கப்பல்லதான் சாப்பிடுவோம், கப்பலோட விட்டுடுவோம். அதே மாதிரி இந்தச் சமையலறையில ஒரு சூப்பு இருந்துச்சு. பழத்துல செஞ்சது, ஜில்லுனு இருக்கும். ஆறிப்போச்சுன்னு நாமளே திருப்பி அனுப்பி அதை ஒழிச்சுக்கட்டிட்டோம். ஐஸ்கிரீமை யாராவது சூடு பண்ணித் தாங்கன்னு கேப்பீங்களா? அப்புறம் அதை மட்டும் ஏன் கேட்டோம்? நாளைக்கு அது வரணும்னா கை தூக்குங்க! ஒரு தரம்!"

ஜன்னலோரம் ஒரு கிழவர் கை தூக்கினார். "நான் சாப்பிட்டிருக்கேன்" என்று கத்தினார். ஏலக்காரிக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"ரெண்டு தரம்!"

குழந்தைகள் தூக்கின, தேனிலவு ஜோடி தூக்கியது, ஒரு மூலையில் மேசை மேசையாக எழுந்தது. "மூணு தரம்" என்று அவள் முடித்தபோது பாதி என்ன, முக்கால் ஹால் கை தூக்கியிருந்தது. சமையலறைக் கதவின் வட்டக் கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்து மறைந்தது. ஆடிட்டர் அக்கா மட்டும் மெனு அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

கடைசி ராத்திரி சூப் வந்தது. பரிமாறுபவர்கள் வரிசையாகத் தட்டுகளைத் தோளுக்கு மேல் ஏந்திக்கொண்டு வர, ஹாலே கை தட்டியது. அதே இளஞ்சிவப்பு, அதே சுழி, அதே புதினா. ஏலக்காரி தன் கிண்ணத்தைத் தொடவில்லை. மேசைக்கு முதுகைத் திருப்பி உட்கார்ந்து ஹால் முழுக்கக் கண்ணை ஓட்டினாள். ஒரு கிண்ணம் திரும்பினாலும் போச்சு! ஒரு மேசையில் முகம் சுளித்தார்கள், இவள் பாதி எழுந்துவிட்டாள். அப்புறம் இரண்டாவது ஸ்பூன் எடுத்தார்கள், உயிர் வந்தது.

அப்போதுதான் தனக்குப் பின்னாலேயே அந்தக் குரல் கேட்டது. சாந்தமான, பழகின குரல்.

"தம்பி, இது ஆறிப்போயிருக்கு. கொஞ்சம் சூடு பண்ணிக் கொண்டு வாங்களேன்."

கணவர்! வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். இத்தனை வருடமாக அவர் கடையிலிருந்து தாமதமாக வருவார், அவள் சூடு பண்ணி வைப்பாள். ஆறின தட்டைக் கண்டால் தானாக வாயில் வருகிற வார்த்தை அது. பரிமாறுகிற பையனும் கிண்ணத்தோடு சமையலறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தான்.

"வைடா கீழே!"

கப்பலே ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. பையன் அப்படியே சிலையாகிவிட்டான். ஏலக்காரி போய்க் கிண்ணத்தை வாங்கி வந்து கணவர் முன்னால் வைத்தாள். "என்னங்க, இத்தனை வருஷமா என் பேச்சை நீங்க நம்பல. ஒரே ஒரு ஸ்பூனுக்கு நம்புங்க" என்றாள். கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது.

அவர் அவளைப் பார்த்தார். ஸ்பூனை எடுத்தார். ஒரு வாய். அப்புறம் கிண்ணம் காலியாகும் வரை சாப்பிட்டார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"அக்கா," என்றார். "அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது."

அக்காவின் கிண்ணம் எப்போதோ காலி. ஓரத்தை விரலால் வழித்துக்கொண்டிருந்தார்.

கிண்ணம் எதுவும் கதவைத் தாண்டவில்லை. பெரிய சமையல்காரரே வெளியே வந்தார், கையில் ஒரே ஒரு கிண்ணம். "கடைசி இதுதாம்மா. உங்களுக்கு" என்று ஏலக்காரி கையில் கொடுத்தார். அவள் தன் பங்கை இன்னும் தொடவே இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

ஆடிட்டர் அக்கா தொண்டையைக் கனைத்தார். "உனக்குத்தான் ஒண்ணு இருக்கே. இதை எனக்குக் குடேன்."

ஏலக்காரி கிண்ணத்தைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

"குளிர் சூப்பு, ஏலத்துக்கு வருது! யாரு கேக்குறது?"

"என்னம்மா இது, நான்தான் கேக்குறேன்."

"என்ன தரீங்க அண்ணி?"

குடும்பம் மொத்தமும் ஆடிட்டர் அக்காவைப் பார்த்தது. அவர் கிண்ணத்தைப் பார்த்தார், மென்று விழுங்கினார்.

"சரி. நீ சொன்ன சூப்பு நிஜம்."

"ஒரு தரம்!"

"அது பொய்யின்னு நான் சொன்னது தப்பு."

"ரெண்டு தரம்!"

கிண்ணம் கீழே இறங்கவில்லை. அதில் வியர்த்த நீர் அவள் முழங்கை வரை வழிந்தது. ஆடிட்டர் அக்காவுக்குப் புரிந்தது. ஆதாரம் கேட்கவில்லை, கையும் நீட்டவில்லை.

"அந்தக் கடைப் பங்கும் நிஜம்தான். போய்ச் சேந்துக்கோ. கணக்கு நான் பாத்துத் தரேன்."

"மூணு தரம்!"