பயணம் போனவர்களின் ஓட்டு

விடுதிக் குளியலறை வாசலில் வாளியோடு நின்ற பெண்கள் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். வக்கீல் தோளில் துண்டோடு வந்து வரிசையில் நின்றதும் பேச்சு சட்டென்று அறுந்தது. ஒருத்தி குழாயைப் பார்த்தாள். இன்னொருத்தி தன் கால் நகத்தை ஆராய ஆரம்பித்தாள்.

"என்னடி, நான் வந்ததும் வாயைப் பூட்டிக்கிட்டீங்க?"

"ஒண்ணுமில்லக்கா, தண்ணி மெதுவா வருது, அதான்" என்றாள் ஒரு முதலாமாண்டுப் பெண்.

தண்ணீருக்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தம்? வக்கீலுக்குச் சுருக்கென்றது.

அவள் நிஜ வக்கீல் இல்லை, பொருளாதாரம் படிக்கிறவள். விடுதி மோட்டார் பழுதானபோது நிர்வாகத்தைக் கேள்வி மேல் கேள்வி கேட்டுத் துளைத்து மாற்ற வைத்தாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. அந்த வாய்க்காகவே அவளை மாணவர் பேரவைக்கு அனுப்பினார்கள். இன்று மதியம் பேரவையில் ஓட்டெடுப்பு. களத்துக்குப் போய், கையால் செய்து, கண்ணால் பார்த்துக் கற்க 'களக் கல்வி' என்றொரு திட்டம். அதற்காக எல்லா மாணவர்களுக்கும் கட்டண உயர்வு. பேரவை தலையாட்டினால் அடுத்த பருவத்திலேயே அமலுக்கு வந்துவிடும்.

மாடிப்படித் திருப்பத்தில் புதிதாக ஒரு சுவரொட்டி. அதில் தலைக்கவசத்தோடு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது அவளேதான். களக் கல்விக்கு முன்னோட்டமாகப் பல்கலைக்கழகம் வாரத்துக்கு ஒரு சிறு குழுவை அணைக்கட்டுக்கு அழைத்துப் போனது; போன வாரம் அவள் குழு போனபோது யாரோ எடுத்த படம். கீழே, 'வகுப்பறையில் கிடைக்காதது எனக்கு அங்கே கிடைத்தது. கட்டண உயர்வை வரவேற்கிறேன்' என்று அவள் சொன்னதாகப் போட்டிருந்தது. முதல் வரி அவள் சொன்னதுதான். இரண்டாவதை அவள் கனவில்கூடச் சொன்னதில்லை.

அறைக்குப் பாய்ந்து வந்தாள். அறைத்தோழி பேக்கரிச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மாலையிலும் விடுமுறை நாட்களிலும் பேக்கரியில் நின்றுதான் அவள் படிப்புச் செலவைப் பார்த்துக்கொண்டாள்.

"அந்தப் போஸ்டரைப் பார்த்தியா? நான் சொல்லாததை எல்லாம் போட்டு வச்சிருக்காங்க!"

"பார்த்தேன்." தோழி நிமிரவில்லை.

"நீயும் என்னைச் சந்தேகப்படுறியா?"

"உன்னை ஏன் கூட்டிட்டுப் போனாங்கன்னு யோசிச்சேன். அணைக்கட்டைப் பத்திப் படிக்கிறது நான். பொருளாதாரம் படிக்கிற உனக்கு அங்க என்னடி வேலை?"

தோழி பொறியியல் மாணவி.

"ஒரு வாரம் வெளியூர் போனா பேக்கரியில எனக்குப் பதிலா வேற ஆளைப் போட்டுருவாங்க. நான் போகவே முடியாத பயணத்துக்கு நானும் கட்டணும். எதுக்குன்னு கேட்க வேண்டியவ நீ. நீ போய்ச் சிரிச்சுட்டு வந்திருக்க."

வக்கீல் குளிக்காமலே, அந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்த டீனின் அறைக்குப் போனாள். அவர் எழுந்து நின்று வரவேற்றார். அந்த மரியாதையே இன்று அவளுக்கு உறுத்தியது.

"வாம்மா. போஸ்டர் அமர்க்களமா வந்திருக்கு, இல்ல?"

"இரண்டாவது வரி நான் சொல்லலையே சார்."

"அச்சடிக்கிறவங்க கொஞ்சம் சேர்த்துட்டாங்க போல. விடும்மா, கருத்து ஒண்ணுதானே."

"அந்தப் பயணத்துக்கு ஆளை எப்படி எடுத்தீங்க சார்?"

"பொறுப்பான பிள்ளைங்களாப் பார்த்து எடுத்தோம்." பேனா மூடியை மெல்லத் திருகினார். "நல்லவேளை ஞாபகப்படுத்தின. வெளிநாட்டுல ஒரு கருத்தரங்கு வருது. ஒரு இடம் இருக்கு. உன் பேரைத்தான் மனசுல வச்சிருக்கேன்."

பொய் சொல்வானேன், வக்கீலின் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி, ஏறியதில்லை அவள். ஆனால் வெளியே வந்து நடக்கையில் கால் தயங்கியது. ஓட்டெடுப்பு நாளன்றா இந்த ஞாபகம் வரவேண்டும்? பேரவையின் மற்ற உறுப்பினர்களைப் பார்த்தபோது அவருக்கு என்னென்ன ஞாபகம் வந்திருக்குமோ?

மதியம் பேரவை கூடியது. டீன் ஓரமாக உட்கார்ந்திருந்தார். தலைவன் ஓட்டெடுப்பை ஆரம்பிக்க வாயெடுத்தபோது வக்கீல் எழுந்தாள்.

"அது நல்ல பயணம். இல்லைன்னு சொல்ல மாட்டேன். மதகு திறக்கிறப்ப பக்கத்துல நின்னு பார்த்தேன், உடம்பு சிலிர்த்துச்சு. ஆனா இலவசமாப் போயிட்டு வந்த நான், அடுத்தவங்க காசு கட்டணும்னு ஓட்டுப் போடுறது நியாயமில்ல. நான் போடல. அந்தப் பயணத்துக்குப் போகாதவங்க மட்டும் இன்னிக்கு ஓட்டுப் போடட்டும். போகாதவங்க யாரு, கையைத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். வெவ்வேறு குழுக்களில் போய்வந்து, தான் மட்டும்தான் தனியாகக் கவனிக்கப்பட்டதாக உள்ளுக்குள் பூரித்திருந்தவர்கள் அத்தனை பேரும். பின்வரிசையிலிருந்து ஒருவன் மெதுவாக, "உனக்கும் கருத்தரங்கா?" என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டான். அவன் முகம் வெளிறிப்போனது. டீனுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

அன்று ஓட்டெடுப்பு நடக்கவில்லை. எல்லா மாணவர்களிடமும் கேட்ட பிறகே முடிவு என்று பேரவை தீர்மானித்தது. அப்படிக் கேட்டபோது, மாணவர்கள் கட்டண உயர்வைத் தள்ளிவிட்டார்கள். களக் கல்வி வேண்டும், வேலை பார்ப்பவர்களும் வரும்படி உள்ளூரிலேயே வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். கருத்தரங்குக்கு யார் போனார்கள் என்று வக்கீலுக்குத் தெரியாது. அவள் போகவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று கூட்டம் கலைந்ததும் பேரவைப் பொருளாளன் அவளை வழிமறித்தான்.

"எல்லார் மானத்தையும் வாங்கிட்டியே! ஒரு டூர் போயிட்டு வந்தது லஞ்சமா?"

"காசா கொடுத்திருந்தா லஞ்சம்னு தெரிஞ்சு கையை இழுத்திருப்போம். கவனிப்பாக் கொடுத்தாங்க, பல்லைக் காட்டி வாங்கிக்கிட்டோம்" என்றாள் வக்கீல். "மத்தவங்களுக்காகக் கேள்வி கேட்கத்தான் நம்மள அனுப்பினாங்க. அப்படிப்பட்ட இடத்துல உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு எதுவும் சும்மா வராது. நமக்கு ஒண்ணு சும்மா கிடைச்சா, அதுக்கு வேற யாரோ கட்டப் போறாங்கன்னு அர்த்தம்."