பின்பக்கம் இல்லாத காசு

விலை மூன்று லட்சம். அடித்த காலத்தில் இந்தக் காசை நீட்டியிருந்தால் எவனும் ஒரு தீப்பெட்டிகூடக் கொடுத்திருக்க மாட்டான். ஏனென்றால் இதற்குப் பின்பக்கமே கிடையாது. வெள்ளைக்காரன் ஆட்சியில், புதுக்காசு வெளிவருமுன் ராஜா தலை ஒழுங்காக விழுகிறதா என்று ஒரு பக்கம் மட்டும் அடித்துப் பார்த்த சோதனைக்காசு. மறுபக்கம் வழுவழு மொட்டை. சேகரிப்பாளர் சங்கத்துப் பட்டியலில் ‘உலகில் இரண்டே’ என்று இருக்கிறது. ஒன்று பல் டாக்டரிடம். மற்றது நம் பழங்காசுக் கடைக்காரரிடம்.

இரண்டும் தன்னிடம் வராமல் டாக்டருக்குத் தூக்கமில்லை. கடைக்காரருக்கோ, வாடகைக்கு இருக்கும் கடையைச் சொந்தமாக வாங்க வெள்ளிக்கிழமைக்குள் அந்த மூன்று லட்சம் வேண்டும். இல்லாவிட்டால் கட்டடச் சொந்தக்காரர் அதைப் பக்கத்துச் செருப்புக்கடைக்கு விற்றுவிடுவார்.

டாக்டர் வருவதாகச் சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னால் மச்சான் வந்தான். கடைக்காரர் மனைவியின் தம்பி. அதே கடை மூலையில் மேஜை போட்டுப் பித்தளை முத்திரை வெட்டுகிறவன்.

“இந்தாங்க மாமா. எதையும் அரைகுறையா விடுறேன்னு திட்டுவீங்களே! டிராயர்ல கிடந்துச்சு. பாவம், எவனோ பின்னாடி வெட்டாமலே விட்டிருக்கான். முடிச்சுட்டேன்.”

மொட்டைப் பக்கத்தில் இலைக்கொடி, வருஷம், மதிப்பு எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தன. கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

“ஆறு மணி நேர வேலை மாமா. உங்ககிட்ட கூலி வாங்குவேனா? ஒரு நூத்தம்பது குடுங்க, போதும்.”

மாமாவின் கை மச்சான் கழுத்துக்குப் போகுமுன் டாக்டர் வந்துவிட்டார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். புரட்டினார். வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

“இது செத்துப்போச்சே ஐயா! அப்ப என்னோடதுதான் ஒண்ணே ஒண்ணு!” பணப்பையை மூடிக்கொண்டு எழுந்து, மச்சானின் கையைக் குலுக்கினார். “தம்பி, ஆயுசுக்கும் உனக்குப் பல் வைத்தியம் இலவசம்.”

கடைக்காரர் யோசித்தார். சரக்குதான் போயிற்று; வந்தவரின் ஆசை இன்னும் கடையை விட்டு இறங்கவில்லை.

“உட்காருங்க டாக்டர். ஒண்ணே ஒண்ணுன்னு யார் சொன்னது?”

“நான்தான் கண்ணால பார்த்தேனே!”

“பட்டியல் ரெண்டுன்னுதானே சொல்லுது? அதைத் திருத்தணும்னா, சொந்தக்காரன் நான் காசைச் சங்கத்துல காட்டி, கெட்டுப்போச்சுன்னு கையெழுத்துப் போடணும். பேசாம பெட்டியில பூட்டிட்டேன்னா, உங்க பேரன் காலத்துலயும் ரெண்டுதான்.”

டாக்டரின் பல் ஒவ்வொன்றாக உள்ளே போயிற்று. “கையெழுத்துக்கு எவ்வளவு?”

“மூணு லட்சம்.”

“காசுக்கே மூணுதானே கேட்டீங்க!”

“காசை வாங்கியிருந்தா ரெண்டுல ரெண்டு. இது ஒண்ணே ஒண்ணு. ஒசத்தி சரக்கு டாக்டர். பழைய விலைக்கே தர்றேன்.”

ஒன்றில் ஆரம்பித்து, ஒன்றரையில் எழுந்து வாசல்வரை போய், இரண்டரையில் திரும்பி வந்து உட்கார்ந்து, கடைசியில் டாக்டர் மூன்றுக்கே இறங்கி வந்தார். மச்சானுக்குச் சொன்ன இலவச வைத்தியத்தை மட்டும் வாபஸ் வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பத்திரம் கைக்கு வந்ததும் கடைக்காரர் கணக்குப் புத்தகத்தைத் திறந்தார்.

வரவு: கையெழுத்து ஒன்று, மூன்று லட்சம்.

செலவு: கடை, மூன்று லட்சம்.

மச்சானின் வெட்டுக்கூலி, நூற்றைம்பது: பாக்கி.