சும்மா நின்ற மாப்பிள்ளை

செயற்கை முழங்கால் எவ்வளவு தேயும் என்று பார்ப்பதற்காகவே நடந்துகொண்டிருக்கும் இயந்திரம் ஒன்று உண்டு. தலையும் கிடையாது, உடம்பும் கிடையாது. வரிசையாக ஆறு முழங்கால்கள் மட்டும். மேலே பளபளக்கும் உலோகம், கீழே வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு, சுற்றிலும் மூட்டுநீருக்குப் பதிலாகக் கன்றின் ரத்தத்திலிருந்து எடுத்த மஞ்சள் சீரம். ஒரு மனிதர் வருஷக்கணக்கில் நடக்கிற நடையை அது சில மாதங்களில் நடந்து தீர்த்துவிடும். அதைக் கட்டி மேய்ப்பவள் அண்ணி.

அடுத்த அறையில் கணினி முன்னால் இருப்பவள் அவளுடைய நாத்தனார். இயந்திரம் மாதக்கணக்கில் நடந்து சொல்வதைக் கணக்குப் போட்டு ஒரே நாளில் சொல்லிவிடப் பார்ப்பவள். அண்ணி அவளுக்கு வைத்த பெயர் கணக்குப்புலி. ஒரே வீடு, ஒரே பேருந்து, ஒரே ஆய்வுக்கூடம். நடுவில் மாட்டிக்கொண்ட அண்ணன் கதி என்ன என்று கேட்பீர்கள். அவன் நிம்மதியாகத்தான் இருந்தான். இவர்கள் முழங்காலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், அவனைத் திட்ட யாருக்கு நேரம்?

ஆறு முழங்கால்களில் ஐந்துதான் நடக்கும். பிளாஸ்டிக் இருக்கிறதே, அது சீரத்தைக் கொஞ்சம் குடிக்கும். குடித்தால் எடை கூடும். தேய்ந்து குறைந்ததை அது மறைத்துவிடும். அதனால் ஒருவனை மட்டும் அதே சீரத்தில், அதே பாரத்தின் கீழ், நடக்க விடாமல் நிற்க வைப்பார்கள். அவன் எவ்வளவு குடித்தான் என்று பார்த்து மற்றவர்களின் கணக்கைச் சரிசெய்வார்கள். வேலைவெட்டி இல்லாமல் வெதுவெதுப்பாகக் குளித்துக்கொண்டு நிற்பதால் அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர்.

புது வடிவ மூட்டு ஒன்று சோதனைக்கு வந்தது. இயந்திரத்தை ஓட்டும் முன்பே அண்ணி வெள்ளைப் பலகையைக் காட்டினாள்.

"இப்பவே எழுதிடு புலி. முடிவு வந்தப்புறம் 'நானும் அதத்தான் நினைச்சேன்'னு சொல்லக் கூடாது."

"எழுதறேன் அண்ணி. அப்புறம் நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

ஒரு மூட்டுக்குப் பதினொரு மில்லிகிராம் தேயும் என்று எழுதினாள்.

மாதங்கள் ஓடின. தட்டுகளைக் கழுவி, உலர்த்தி, நிறுத்து, மாப்பிள்ளை குடித்ததை வைத்துச் சரிசெய்து பார்த்தால் தேய்மானம் மூட்டுக்கு வெறும் நாலு மில்லிகிராம்.

மேலாளர் குதிக்காத குறை. "நாலா! பிரமாதம். மருத்துவர்களுக்கு எழுதிடலாம். சின்ன வயசுக்காரங்களுக்கும் தைரியமா வைக்கலாம்." பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினார். "உங்க கணக்கு ரொம்பப் பயந்த சுபாவம்மா. நம்ப முடியாதத வச்சுக்கிட்டு என்ன பண்றது? இந்த வாரத்தோட அத மூடிடலாம். உங்களுக்கு வேற வேலை தர்றேன்."

நல்ல மனுஷர்தான், அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அவளுக்கு முகம் செத்துவிட்டது. தன் சமன்பாடுகளை ஒவ்வொன்றாகத் துருவிப் பார்த்தாள். எங்கே இடறினோம் என்று பிடிபடவே இல்லை. கடைசியில் எழுந்துபோய்ப் பலகையைத் துடைக்கத் துணியை எடுத்தாள்.

"கைய எடு," என்றாள் பின்னால் வந்த அண்ணி.

"விடுங்க அண்ணி. மெஷின் பொய் சொல்லுமா?"

"மெஷின் சொல்லாது. அதப் பாத்துக்கற நான் சொல்லலாம்ல? மூணு வருஷமா உன் கணக்கு இவ்வளவு தூரம் தப்பினதே இல்லடி. தேஞ்சது காத்துலயா கரைஞ்சு போச்சு? சீரத்துலதான் கிடக்கும். வா, தேடலாம்."

நாத்தனார் திகைத்து நின்றாள். எல்லோரும் அண்ணியின் எண்ணைத்தான் கொண்டாடுகிறார்கள். பேசாமல் இருந்தால் பாராட்டு தானாக மடியில் வந்து விழும். இவளோ தன் எண்ணையே கூண்டில் ஏற்றுகிறாள்! இப்படியும் ஒருத்தியா என்று இருந்தது அவளுக்கு.

மாற்றி எடுத்த சீரத்தையெல்லாம் அண்ணி உறைய வைத்துப் பத்திரப்படுத்தியிருந்தாள். இருவரும் அதை உருக்கி, அதிலிருந்த புரதத்தைக் கரைத்து, மெல்லிய வடிதாளில் ஊற்றினார்கள். சொட்டுச் சொட்டாக இறங்கியது. தாளில் தங்கியது முகப்பவுடர் தூவின மாதிரி ஒரு வெள்ளைப் படிவு. தராசுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள் அண்ணி.

மூட்டுக்குப் பத்தரை மில்லிகிராம்.

"அடிப்பாவி!" என்று அண்ணி அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "உக்காந்த இடத்துலயே சொல்லிட்டியே!"

"வலிக்குது அண்ணி," என்றாள் நாத்தனார். கண் கலங்கியது அடியால் அல்ல.

"அப்ப நாலுன்னு எப்படி வந்துச்சு?" அண்ணி இயந்திரத்தைச் சுற்றி வந்தாள். நடக்கிற ஐந்தும் சரி. மாப்பிள்ளையிடம் வந்து, அவனை அழுத்திக்கொண்டிருக்க வேண்டிய இரும்புக் கையை ஒரு விரலால் தொட்டாள். கொடிக்கயிறு மாதிரி ஆடியது. பின்னால், அந்தக் கைக்கு அழுத்தம் தரும் காற்றுக்குழாய் கழன்று கிடந்தது. நடக்கிறவன் நொண்டினால் கண்ணுக்குத் தெரியும். சும்மா நிற்பவன் பாரம் சுமக்கிறானா இல்லையா என்று யார் பார்த்தார்கள்? பாரமில்லாததால் அவன் குறைவாகக் குடித்திருக்கிறான். மற்றவர்கள் குடித்ததும் குறைவு என்று ஆகி, தேய்மானமே மறைந்துபோயிற்று.

மேலாளரிடம் அண்ணியே போய் நின்றாள்.

"நாலு இல்ல சார், பத்தரை. குழாய் கழண்டத நான் கவனிக்கல. இவ கணக்குதான் சரி."

அவருடைய முகம் தொங்கிப்போனது. "அப்ப புது மூட்டு தேறாதா?"

"பழசு இருபதுக்கு மேல தேஞ்சுது சார். இது அதுல பாதி. நல்ல மூட்டுதான். உள்ளத உள்ளபடி சொன்னாலே போதும்."

மேலாளர் நாத்தனார் பக்கம் திரும்பினார். "கணக்க மூட வேண்டாம்மா. மருத்துவர்களுக்குப் பத்தரைன்னே எழுதுங்க."

அன்று வீட்டில் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அண்ணன், "மாப்பிள்ளை பாவம், அவன ஏன் எல்லாரும் திட்டறீங்க?" என்றான். "உங்களுக்கு வலிக்குதாக்கும்," என்றாள் அண்ணி.

அடுத்த சோதனை, படி இறங்கும் நடை. அண்ணி மார்க்கரை நீட்டினாள். நாத்தனார் எண்ணை எழுதினாள்.

"இவ்வளவு தேயுமா?"

"தேயும் அண்ணி."

"பாக்கலாம்," என்ற அண்ணி, இயந்திரத்தை ஓட்டும் முன் மாப்பிள்ளையின் இரும்புக் கையை விரலால் தள்ளிப் பார்த்தாள். அது இம்மிகூட அசையவில்லை.