லீதோ வெர்னாவின் பச்சை ஜன்னல்கள்

1
இந்தக் கதை சுற்றுலாக் கையேட்டுக்குக் கேட்ட கட்டுரையாகப் பிறந்தது. எங்கள் கடற்கரை ஊரான லீதோ வெர்னாவின் கட்டடங்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதச் சொன்னார்கள். எழுதினேன்:

'மீனவர் குடிசைகள் இருந்த மணலில் முதலில் பூவேலைப்பாட்டு மாளிகைகள் எழுந்தன. கருஞ்சட்டை போட்ட பாசிஸ்டுகள் காலத்தில் கப்பல் வடிவில் ஒரு கான்கிரீட் விடுதி. போருக்குப் பின் ஓட்டல்கள். அறைதோறும் கடலைப் பார்த்த ஜன்னல், ஜன்னல்தோறும் பச்சைக் கதவு, அந்தக் கதவு...'

(இங்கே நின்றுவிட்டது.)

2
மதியம் சாப்பிட்டபின் எங்கள் ஊரில் யாரும் கடலில் இறங்க மாட்டார்கள். செரிப்பதற்குள் குளித்தால் சாவு என்பது வேதவாக்கு. கரைக்காவலரும் தூங்கப் போய்விடுவார். கடலைப் பார்க்கவென்றே கட்டிய ஊர் அப்போது கதவைச் சாத்திக்கொள்ளும்.

முதலாளியம்மா இல்தே தன் பெயரையே வைத்திருந்த ஓட்டல் இல்தேயில் பாத்திரம் கழுவிய ரோக்கோவுக்கு அந்த நேரம்தான் ஓய்வு. தெற்கத்தி மலைக்காரன், நீச்சல் அரைகுறை. 1963 ஆகஸ்டில் மூழ்கிப் போனான். சாப்பிட்டுவிட்டு இறங்கினான், அதுதான் என்றது ஊர்.

3
அதைப் பற்றிய வாக்குவாதம், அந்த ஓட்டலில் நான் வேலை பார்த்த வரவேற்பு மேசைக்கு முன்னால் நடந்தது. (நீ எங்கே இருந்தாய் என்று கேட்காதீர்கள். என் ஜன்னல் தெருப்பக்கம்.) கேட்டவள் ரோக்கோவின் அக்கா ஃபிலொமேனா, அறைகளில் படுக்கை விரிப்பவள்.

"முதலாளியம்மா, உங்க ஜன்னல் தண்ணிக்கு நேரா இருக்கு. அவன் கத்தினது கேக்கலயா?"

"கேட்டுச்சுடி. அந்த நேரத்துல எவன் கடல்ல இறங்குவான்? எவனோ விளையாடுறான்னு நெனச்சேன். அவனை வையலாம்னு எந்திரிச்சு வந்து ஜன்னல் கொக்கியில கூட கை வச்சேன்."

"அப்புறம்?"

"வெயில் உள்ள வருமேன்னு விட்டுட்டேன். நெறஞ்ச வயித்தோட அவன் இறங்கலாமாடி?"

"எது நெறஞ்ச வயிறு? உங்க விருந்தாளிங்க தட்டெல்லாம் கழுவின பிறகுதானே எங்களுக்குச் சோறு! குளிச்சிட்டு வந்து திங்கறேன்னு போனான். அவன் தட்டு அடுப்படியில மூடினது மூடினபடி இருக்கு. வந்து பாருங்க!"

இல்தே போகவில்லை. யாருமே போகவில்லை.

4
முடிவு ஒன்று: இல்தே கொக்கியை நீக்குகிறாள், கத்துகிறாள், படகு...

இதைக் கிழவியாகிவிட்ட ஃபிலொமேனாவிடம் படித்துக் காட்டினேன். "அடிச்சிருங்க. அவனைப் பொழைக்க வைக்க வேணாம். அவன் சாப்பிடலன்னு மட்டும் எழுதுங்க, போதும்" என்றாள்.

எழுதிவிட்டேன். அந்த வரியை எடுத்தால்தான் அச்சிடுவோம் என்றார்கள் கையேட்டுக்காரர்கள். கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அதனால் இது உங்களிடம் வந்திருக்கிறது.

முடிவு இரண்டை நான் எழுதப் போவதில்லை. நீங்கள் சாப்பிட்டிருப்பீர்கள், சற்றே சாய்ந்திருப்பீர்கள். வெளியே நல்ல வெயில். எவனோ கத்துகிறான். கொக்கி உங்கள் பக்கம்தான் இருக்கிறது.