வயிறு நிறைந்த குஞ்சுகள்

மீன்குஞ்சுப் பண்ணையில் அவளுக்குப் பெயர் கண்ணாடி. நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண்ணை ஒட்டவைத்து உட்கார்ந்திருப்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? பண்ணை அண்ணனுடையது. குஞ்சுகளின் தீனிப் பொறுப்பை மட்டும், "அத எங்கிட்ட விடுண்ணா" என்று வம்படியாக வாங்கிக்கொண்டிருந்தாள்.

தீனி என்றால் மூட்டையைப் பிரித்துக் கொட்டுகிற வேலை இல்லை. பொரித்த மூன்றாம் நாள் வாய் திறக்கும் இந்தக் கடல்மீன் குஞ்சு, உயிரோடு நீந்துவதைத் தவிர எதையும் சீண்டாது. அதற்காக ரோட்டிஃபர் என்ற பொடிப் பிராணியை வளர்க்க வேண்டும். கண்ணை இடுக்கிப் பார்த்தால் தண்ணீரில் தூசி மாதிரி தெரியும். ரோட்டிஃபர் தின்னப் பாசி வேண்டும், பாசி வளர வெயில் வேண்டும். பாசி சேர்த்துவைக்கும் சத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ரோட்டிஃபரின் உடம்பில் ஒட்டும். அதில் பத்தில் ஒரு பங்குதான் குஞ்சுக்கு. மீதியெல்லாம் நீந்தியும் மூச்சுவிட்டுமே தீர்ந்துபோகும். அதனால்தான் உள்ளே நாலே நாலு குஞ்சுத் தொட்டி இருக்க, வெளியே நாற்பது பாசித் தொட்டிகள் வரிசைகட்டி நின்றன.

தாய்மீன் வருடத்துக்கு ஒரே தடவைதான் முட்டை விடும். இந்த வருடம் குஞ்சு பொரித்த வாரம் பார்த்து வானம் மூடிக்கொண்டது. பச்சைப் பசேல் என்றிருந்த தொட்டிகள் இரண்டே நாளில் வெளுத்துப்போயின. தின்னப் பாசி இல்லாமல் ரோட்டிஃபர் குறையத் தொடங்கியது. பாசிக்குப் பதிலாகக் கண்ணாடி ரொட்டி மாவு பொங்கப் போடும் ஈஸ்டைக் கரைத்து ஊற்றிப் பார்த்தாள். மறுநாள் நுண்ணோக்கியில் எண்ணியவள் துள்ளிக்கொண்டு ஓடினாள்.

"அண்ணா! நேத்து எண்ணினதுக்கு இன்னிக்கு ரெண்டு மடங்கு இருக்குண்ணா!"

"நான்தான் சொன்னேன்ல, நீ இருக்கறப்ப எனக்கென்ன கவலைன்னு."

அந்தப் பாராட்டில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு நாட்கள் அந்த ரோட்டிஃபரையே வாரி வாரிக் குஞ்சுகளுக்கு ஊற்றினாள். தலையை எண்ணினாளே தவிர, அந்த உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று யோசிக்கவே இல்லை. கெட்டிக்காரிகள் சறுக்கும் இடம் இதுதான்.

ஐந்தாம் நாள் காலை குஞ்சுகள் மல்லாந்து மிதந்தன. மிச்சம் இருந்தவையும் திசை தெரியாமல் தொட்டிச் சுவரில் மோதின.

"பட்டினியா?" அண்ணன் மூச்சிரைக்க வந்து நின்றார்.

அவள் ஒரு குஞ்சை நுண்ணோக்கியில் வைத்தாள். கண்ணாடி போன்ற அந்த உடம்புக்குள் வயிறு தெளிவாகத் தெரிந்தது.

"இல்லண்ணா. வயிறு முட்டத் தின்னிருக்கு."

"அப்புறம் ஏன் சாகுது?"

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. கண்ணுக்கும் மூளைக்கும் வேண்டிய கொழுப்பு பாசியில் இருக்கிறது, ஈஸ்டில் இல்லை. ரோட்டிஃபர் தின்றதுதானே குஞ்சுக்குப் போகும்? அவள் கொடுத்ததெல்லாம் வெறும் கூடு.

"நான்தாண்ணா கொன்னுட்டேன்" என்றாள். அண்ணன் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவரோ வண்டியை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்த இன்னொரு பண்ணையில் கெஞ்சிக் கூத்தாடி, பாசி தின்று கொழுத்த ரோட்டிஃபரை ஆறு கேன்களில் வாங்கிவந்தார். மதியம் வெயிலும் பளீரென்று அடித்தது. அதைப் பார்க்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அண்ணன் முதல் கேனைச் சாய்த்தார். தொட்டியில் பச்சை பரவியது. கண்ணாடி ஒரு குவளை மொண்டு விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். நல்ல தீனி குஞ்சுகளின் வாய்க்கு முன்னாலேயே நீந்திப் போனது. ஒரு குஞ்சாவது பாயாதா என்று மனம் அடித்துக்கொண்டது. வாயைத் திறக்கும் தெம்பு எதற்கும் இல்லை. இனி எதை ஊற்றினாலும் இவை தின்னப்போவதில்லை என்பது அந்தக் கொட்டகையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"தின்னுதாம்மா?" என்றார் அண்ணன். கையில் இரண்டாவது கேன். "இன்னும் ஊத்தவா?"

அவள் குவளையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஊத்துண்ணா."