வளைவு கேட்ட காலனி

வார்டு அலுவலகத்திலிருந்து வந்த அழைப்பிதழைத் தண்டபாணி மூன்று முறை படித்தார். மூன்றாவது முறை சத்தமாக. 'உங்கள் காலனிக்கு என்ன தேவை? நீங்களே சொல்லுங்கள், நாங்கள் செய்கிறோம்' என்று தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்திருந்தார்கள். கீழே, குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் என்று அவர் பெயர். அதில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. அச்சில் பெயர் வந்த சந்தோஷத்தில் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

அவருடைய மனைவி வேதவல்லி அவரைக் கவனித்தபடி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பொதுத்துறைத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதமே அவர் சங்கச் செயலாளர் ஆகிவிட்டார். அதிலிருந்து குடிக்கத் தண்ணீர் கேட்பதானாலும் தீர்மானம் படிக்கிற குரலில்தான் கேட்பார். வேதவல்லிக்கு ஓய்வு பெற இன்னும் நான்கு வருஷம் இருந்தது. தார்நாகாவில் மத்திய அரசு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வரைபடம் போடுகிற வேலை. முப்பது வருஷமாகக் கோடு போட்டுப் பழகியவள். எந்தத் தாளைக் கையில் வாங்கினாலும் முதலில் அதில் என்ன தப்பு என்றுதான் அவள் கண் தேடும். மனிதர்களையும் அப்படித்தான் பார்த்தாள்.

அவர்கள் குடியிருந்தது போலாரத்தில், மதுவனம் காலனியில். தொண்ணூறு வீடுகள். ஒரு பக்கம் ராணுவத்தின் மதில், இன்னொரு பக்கம் ரயில் பாதை, பின்னால் நாலா என்று எல்லோரும் சொல்கிற பெரிய சாக்கடைக் கால்வாய். முன்பக்கத்து ஒற்றைச் சாலைதான் உள்ளே வரவும் வெளியே போகவும். நாலாவுக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ்தி, கூலிவேலை செய்பவர்களின் குடிசைப் பகுதி. அதைத் தாண்டினால் பஸ் ஸ்டாப். நாலாவின் குறுக்கே கிடந்த கற்பலகைப் பாலம் போன வருஷ மழையில் அடித்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து பஸ்திக்காரர்கள் குடிநீர்க் குழாயின் மேல் கால் வைத்துத்தான் காலனிக்கு வேலைக்கு வந்தார்கள். வேதவல்லியால் அது முடியவில்லை. தினமும் இருபத்தைந்து நிமிஷம் சுற்றி நடந்து பஸ் பிடித்தாள். ஸ்கூட்டரில் போகிற தண்டபாணிக்குப் பாலம் போனதே நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கல்யாண மண்டபத்தில். 2010 ஆகஸ்ட். மாதாப்பூரிலிருந்து ஆலோசனைக் கம்பெனி ஆள் ஒருவன் வந்திருந்தான். சாய்கிருஷ்ணா என்று பெயர், கழுத்தில் அடையாள அட்டை. வாசலில் ஒரு நோட்டில் கையெழுத்துப் போட்டால் ஒரு டிபன் பொட்டலமும் மூன்று பச்சைப் பொட்டுகளும் கொடுத்தார்கள். நெற்றியில் வைக்கிற பொட்டு இல்லை, ஒட்டுகிற காகிதப் பொட்டு. சுவரில் நான்கு படங்கள் ஒட்டியிருந்தன. செயற்கை நீரூற்று, நடைபாதை, யோகா மண்டபம், காலனிக்கு ஒரு அலங்கார நுழைவு வளைவு. எது வேண்டுமோ அதில் பொட்டை ஒட்ட வேண்டும். இதுதான் மக்கள் கருத்து.

பக்கத்தில் காலனியின் வரைபடமும் இருந்தது. வேதவல்லி அதன் முன்னால் நின்றாள். வடக்கு என்று அம்புக்குறி காட்டிய பக்கம் கிழக்கு. நாலா இருக்க வேண்டிய இடத்தில் பச்சைப் பட்டை, அதன் மேல் சின்னச் சின்ன மரங்கள். நூற்று நாற்பது குடிசை இருக்கிற பஸ்தியின் இடம் வெறும் வெள்ளை.

அவள் சாய்கிருஷ்ணாவைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னாள். அவன் மிக மரியாதையாகத் தலையாட்டி, ஒரு மஞ்சள் சீட்டில் ஏதோ எழுதி வரைபடத்தின் ஓரத்தில் ஒட்டினான். அவன் போன பிறகு படித்துப் பார்த்தாள். 'மேடத்துக்கு மரங்கள் பிடிக்கவில்லை' என்கிற மாதிரி ஆங்கிலத்தில் இருந்தது.

தண்டபாணி கூட்டத்துக்குள் புகுந்து புகுந்து வளைவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். வளைவு வந்தால் தூணில் கருங்கல் பதித்துச் சங்க நிர்வாகிகள் பெயர் செதுக்குவார்கள் என்று வார்டு உறுப்பினரான கார்ப்பரேட்டர் வாக்குக் கொடுத்திருந்தார். இரண்டு மகன்களை அமெரிக்காவில் வைத்திருப்பவர்கள், சாஃப்ட்வேர் சம்பளத்தில் மாடி மேல் மாடி எழுப்பியவர்கள், எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வளைவில் ஒட்டினார்கள். பக்கத்துக் காலனியில் வளைவு இருக்கிறதாம். அதைவிடப் பெரிதாக வேண்டுமாம். வேதவல்லி தன் மூன்று பொட்டுகளையும் வரைபடத்தில், பாலம் இருந்த இடத்தில் வரிசையாக ஒட்டினாள். கடைசியில் எண்ணும்போது சாய்கிருஷ்ணா அவற்றை நகத்தால் கிள்ளி எடுத்துவிட்டான். கட்டத்துக்கு வெளியே ஒட்டியது செல்லாதாம்.

வெளியே வந்தபோது அன்னக்கிளி மண்டபத்துப் படியோரம் நின்றிருந்தாள். அவர்கள் வீட்டில் வேலை செய்பவள், திருவண்ணாமலைப் பக்கம். கட்டட வேலைக்கென்று வந்து பஸ்தியிலேயே தங்கிவிட்ட குடும்பம். காலனி வீட்டு நம்பர் இல்லாதவர்களுக்கு உள்ளே இடமில்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்களாம். என்ன முடிவாயிற்று என்று கேட்டாள். வேதவல்லி சொன்னாள்.

அன்னக்கிளி மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எங்களக் கேக்கலன்னாகூடப் பரவால்லம்மா. உங்கள உள்ள உக்கார வெச்சு, டிபன் குடுத்து கேட்டிருக்காங்க. நீங்க வளைவு கேட்டிருக்கீங்க."

நான் கேட்கவில்லை என்று வேதவல்லிக்கு வாய் வரை வந்தது. சொன்னால் தண்டபாணி பேசுகிற மாதிரி இருக்கும் என்று அடக்கிக்கொண்டாள்.

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவளும் அன்னக்கிளியும் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நாலாக் கரையை அளந்தார்கள். பஸ்தியில் சந்து சந்தாக நடந்தார்கள். வேதவல்லி எல்லாவற்றையும் முறையாக வரைந்து, பாலம் எங்கே, எவ்வளவு அகலம், மழைக்காலத்தில் தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறும் என்று குறித்து, வார்டு அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

அங்கே இருந்த எஞ்சினியர் ராகவேந்திரா வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்கு வேலை தெரியும், அதுதான் வேதவல்லிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இப்படி ஒரு படம் என் அலுவலகத்தில் யாரும் போட மாட்டார்கள் என்று தெலுங்கில் பாராட்டினார். பிறகு ஒரு ஃபைலைத் திறந்து காட்டினார். மக்கள் ஏகமனதாக வளைவு கேட்டிருக்கிறார்கள், மக்கள் விருப்பத்தை மீற அவருக்கு அதிகாரமில்லை என்றார். மேலே தண்டபாணியின் கடிதம். அதன் பின்னால், வளைவுக்குச் சம்மதம் தெரிவித்தவர்கள் என்ற தலைப்பில் கையெழுத்துகள். வாசலில் டிபனுக்காகப் போட்ட கையெழுத்துகள். பதினேழாவது வேதவல்லியுடையது.

அன்று சாயங்காலம் அவள் கணவரைக் கேட்டாள். அவர் கோபப்படக்கூட இல்லை.

"ஒரு கையெழுத்துதானே வேதா. தொண்ணூறு பேர் ஒத்துமையா இருக்கறப்ப நீ மட்டும் தனியா நின்னா நல்லாவா இருக்கும்? பாலம் போட்டா பஸ்தி ஜனம் பூரா இந்தப் பக்கம் வரும். யாருக்கும் நக்கோ, வேணாம்."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அந்த வீட்டில் சண்டைக்கு அவசியமே இல்லாமல் போய்விட்டது. காலையில் காப்பி கொடுத்தாள், மாலையில் சாதம் போட்டாள், நடுவில் அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் ம் போட்டாள். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். சம்மதத்தை எங்கிருந்து வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள அவருக்குப் பழகியிருந்தது.

ஜனவரியில் ஒரு நாள் வளைவின் வரைபடத்தையும், காலனிக்குப் போடப்போகிற சிமெண்ட் சாலையின் வரைபடத்தையும் தண்டபாணி வீட்டுக்குக் கொண்டுவந்தார். மேஜையில் விரித்து, கருங்கல்லில் தன் பெயர் வரும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். ஒரு பார்வை பார்த்துச் சொல்லேன், நீ இதில்தானே வேலை செய்கிறாய் என்றார்.

வேதவல்லி பார்த்தாள். வளைவை ஒரு காண்டிராக்டர் வரைந்திருந்தார், சாலையை இன்னொருவர். இரண்டு தாளையும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. வளைவின் உயரம் இப்போதிருக்கும் தரையிலிருந்து பதினொன்றே கால் அடி. சிமெண்ட் சாலை தரையை ஒன்றே கால் அடி உயர்த்தும். மிச்சம் பத்தடி. காலனிக்கு வரும் தண்ணீர் லாரி பத்தரை அடிக்குக் குறையாது. கோடை மூன்று மாதமும் அந்தக் காலனி உயிர் வைத்திருப்பதே தண்ணீர் லாரியால்தான்.

"எழுத்து நல்லா இருக்கு" என்றாள்.

தண்டபாணிக்குப் பரம திருப்தி. மார்ச் மாதம் கார்ப்பரேட்டர் வந்து வளைவைத் திறந்துவைத்தார். மாலை, மேளம், பேச்சு. சங்கத்தினர் தூணில் இருந்த தங்கள் பெயர்களோடு நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். கல்லில் தண்டபாணியின் பெயர் பிழையில்லாமல் வந்திருந்தது. வேதவல்லி ஆபீசுக்குப் போயிருந்தாள்.

ஏப்ரல் முதல் வாரம் தண்ணீர் லாரி வந்தது. வளைவுக்கு முன்னால் நின்றது. டிரைவர் இறங்கி மேலே பார்த்தான், கீழே பார்த்தான், ஹோஸை எடுத்துச் சாலையிலேயே போட்டுவிட்டு, வந்து பிடித்துக்கொள்ளுங்கள் என்றான். டயர் காற்றைக் குறைத்து ஓட்டிப் பார் என்று ஒருவர் யோசனை சொன்னார். சாலையைக் கொத்திவிடலாம் என்றார் இன்னொருவர். வளைவை இடிக்கலாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. கார்ப்பரேட்டர் பெயர் இருக்கிறது, தங்கள் பெயரும் இருக்கிறது. முதல் மூன்று நாள் காலனிக்காரர்களே வாளி தூக்கினார்கள். மேனேஜர்களும் ரிடயர்டு விஞ்ஞானிகளும் அரை டிராயரில் வரிசையில் நின்றார்கள். வேதவல்லி ஆபீசுக்குப் போகும் வழியில் அவர்களைக் கடந்து போனாள். முப்பது வருஷத்தில் எந்த வரைபடமும் அவளுக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை. நாலாம் நாள் வாளிகள் வேலைக்கார அம்மாக்களின் கைக்கு மாறின. காலையில் சீக்கிரமே கிளம்பிவிடுகிற வேதவல்லி அதைக் கவனிக்கவில்லை.

ஒரு வாரம் பொறுத்துத் தண்டபாணி அந்த இரண்டு தாள்களையும் தேடி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ரொம்ப நேரம் குனிந்திருந்தார்.

"இந்த டிராயிங்க நீ பாத்தியே."

"பாத்தேன்."

"உயரத்தையும் பாத்தியா?"

"பாத்தேன்."

அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

வார்டு அலுவலகம் மறுபடி கூட்டம் போட்டது. இந்த முறை பொட்டும் இல்லை, டிபனும் இல்லை. வளைவைத் தொடாமல் லாரி உள்ளே வர வேறு வழி உண்டா என்ற ஒரே கேள்விதான். ராகவேந்திரா ஃபைலிலிருந்து வேதவல்லியின் பழைய வரைபடத்தை எடுத்து விரித்தார். பஸ்தி வழியாக வந்து, நாலாவின் மேல் லாரி தாங்குகிற பாலம் போட்டு, காலனியின் பின்பக்கம் நுழையலாம். பஸ்தி ஜனம் இந்தப் பக்கம் வந்துவிடுமே என்று போன வருஷம் பயந்தவர்கள் ஒருவர் விடாமல் கை தூக்கினார்கள். பெரிய சிமெண்ட் குழாய்களை இறக்கி, மேலே கான்கிரீட் போட்டு, நாற்பது நாளில் பாலம் முடிந்துவிட்டது. வருஷக் கடைசியில் வார்டு அலுவலகம் போட்ட புத்தகத்தில் வளைவும் பாலமும் அடுத்தடுத்த பக்கத்தில் வந்தன. இரண்டும் மக்களின் கருத்தைக் கேட்டுச் செய்தவையாம்.

பாலம் முடிந்த வாரமே சங்கம் கூடி, காலனி ஓரத்தில் ஒரு இரும்புக் கேட் போட்டு, லாரி வருகிற நேரத்துக்கு மட்டும் திறப்பது என்று தீர்மானித்தது. அன்று இரவு சாப்பாட்டின்போது தண்டபாணி அதைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். வேதவல்லி அவருக்கு ரசம் ஊற்றினாள்.

"கேட் போட்டுக்குங்க. பூட்டு மட்டும் தொங்கிச்சுன்னா, அந்த ரெண்டு தாளையும் ஃபயர் சர்வீஸ்காரங்களுக்கு அனுப்புவேன். அவங்க லாரியும் உள்ள வராது. வளைவ இடின்னு அவங்களே எழுதுவாங்க. உங்க பேரோட சேத்து."

கேட் வந்தது. பூட்டு வரவில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு காலை வேதவல்லி அந்தப் பாலத்தில் நடந்து பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். எதிரே அன்னக்கிளி வந்தாள். வேதவல்லிக்கு அன்று மனசு லேசாக இருந்தது. அவள் யாரிடமும் பெருமை பேசுகிறவள் இல்லை, ஆனாலும் இவளிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. வளைவின் உயரம் போதாது என்று எனக்கு ஜனவரியிலேயே தெரியும், வேண்டுமென்றேதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னாள். அதனால்தான் இந்தப் பாலமே வந்தது என்றாள்.

அன்னக்கிளி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அன்னக்கிளி சிரிக்கவில்லை. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு மாசம்மா. உங்க வூட்டு மாடிக்கு நான்தான் தண்ணி தூக்கினேன். நீங்க ஆபீஸ் போயிடுவீங்க. அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

பாலம் உனக்கும்தானே என்று வேதவல்லி ஆரம்பித்தாள். முடிக்க முடியவில்லை. நல்லதுக்குத்தானே செய்தோம் என்று மேடையில் பேசுகிறவர்களின் குரல் அவள் தொண்டையிலிருந்தே வந்துகொண்டிருந்தது.

"ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றாள் அன்னக்கிளி. விலகி நடந்து காலனிக்குள் போனாள்.

அடுத்த மூன்று நாள் அவள் வேலைக்கு வரவில்லை. உடம்புக்கு ஏதாவதா, விசாரிக்கலாமே என்றார் தண்டபாணி. வேதவல்லி பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் அன்னக்கிளி வந்தாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நேரே மாடிக்குப் போனாள். ஏன் வரவில்லை என்று வேதவல்லி கேட்கவில்லை.